பெயிண்ட் வாளியின் உள்சுவர்

பிரேமலதாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் எழுதுகிறேன். நடந்தது தெரிந்தவர்கள் நாலே பேர். மற்ற மூன்று பேரும் வெளியே சொல்லுகிற ரகம் இல்லை.

கொசு ஒழிப்பு வேலைக்காக எங்கள் தெருவுக்கு வாராவாரம் வந்துகொண்டிருந்தவள் அவள். வயது முப்பத்தைந்து இருக்கும். வீடு தச்சநல்லூரில். கணவர் சங்கர் சுமை ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். சிமெண்ட் மூட்டை இறக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து வீட்டோடு இருக்கிறார். காலையில் சோறு பொங்கி வைத்துவிட்டு, பஸ் பிடித்து, ஒன்பது மணிக்கெல்லாம் பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனைக்கு வந்துவிடுவாள். சேலைமேல் நீலக் கோட்டு, தோளில் ஒரு பை. பைக்குள் டார்ச், எவர்சில்வர் கரண்டி, மருந்துப் பாட்டில். ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஓர் அட்டை தொங்கும். தொட்டி, டிரம், பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, புழு உண்டா இல்லையா என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள்.

எங்கள் தெருவில் ஆற்றுத் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறைதான் வரும். பிடித்து வைத்த தண்ணீரைக் கொட்டு என்று ஒருத்தி வந்து சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? பிரேமலதா கொட்டச் சொல்ல மாட்டாள். ஒரு துணியைக் கட்டி, டிரம் தண்ணீரை வடிகட்டி, குடம் குடமாக எடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு தேங்காய் நார் போட்டு டிரம்மின் உள்பக்கத்தைத் தேய்ப்பாள். அது அவள் செய்ய வேண்டிய வேலையே இல்லை. அடுத்த வீட்டு ஷம்ஸியாவுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். கணவர் சவூதியில் இருப்பதால் ஷம்ஸியாவும் மகள் அஸீலாவும் மட்டும்தான் அந்த வீட்டில். பிரேமலதாவை உட்காரவைத்து டீ கொடுக்காமல் அனுப்ப மாட்டாள்.

நான் டீ கொடுத்ததில்லை. பாடம்தான் எடுத்தேன். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுத்த திமிர். அவள் "புழு" என்பாள், நான் "லார்வா" என்று திருத்துவேன். ஒருநாள் அவளாகவே சொன்னாள், ஐப்பசி கார்த்திகையில் பகலில் கடிக்கிற கொசுவுக்குத்தான் பயப்பட வேண்டும், அதன் காலில் வெள்ளை வரி இருக்கும், நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று. மாசி பங்குனியில் சாக்கடையிலிருந்து கூட்டமாக வந்து ராத்திரியில் காதோரம் பாடுவது வேறு ஜாதியாம், அது இந்தக் காய்ச்சலைக் கொண்டு வராதாம். சொன்னது அத்தனையும் சரி. நானோ இரண்டுக்கும் லத்தீன் பெயர் சொல்லி, எங்கே திருப்பிச் சொல் பார்ப்போம் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே அட்டையில் கையெழுத்துப் போட்டாள்.

இனி வாளிக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் சவுக்குக் கிளைதான் மரம். இருபது லிட்டர் பெயிண்ட் வாளியில் மணலை நிரப்பி, கிளையை நட்டு, வாடாமல் இருக்க மணலுக்கு மேல் நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி தினமும் ஊற்றுவோம். ஜனவரியில் கிளையையும் மணலையும் தட்டிவிட்டு, வாளியை மாடியில் கவிழ்த்துவைத்தேன். கவிழ்த்தால் போதும் என்று நினைத்தேன். ஐப்பசியில் முதல் மழை இருட்டிக்கொண்டு வந்தபோது, வாளி மழையிலேயே கழுவிக்கொள்ளட்டும் என்று நிமிர்த்திவைத்தேன். அப்புறம் அதை மறந்தே போனேன்.

அதற்கடுத்த மூன்று வாரமும் பிரேமலதா மாடியைப் பார்க்கக் கேட்டாள். முதல் வாரம், மாடியைக் கழுவி விட்டிருக்கிறது, உன் செருப்புச் சேறு வேண்டாம் என்றேன். இரண்டாவது வாரம், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறேன் என்றாள். கொசுவைப் பற்றி எனக்கே நீ சொல்லித் தருகிறாயா என்று கேட்டேன். மூன்றாவது வாரம் அவள் படிக்கட்டில் ஒரு கால் வைத்துவிட்டாள்.

"ஒருக்கா எட்டிப் பாத்துட்டு வந்துருதேன் சார். மழ பெஞ்சிருக்கு."

"இல்லைன்னு எழுதிட்டுப் போம்மா. நான் சொல்லுதேன்லா."

அவள் எழுதினாள். என் பேச்சை நம்பி எழுதினாள்.

அடுத்த வாரம் அஸீலாவுக்குக் காய்ச்சல். ஆறு வயதுப் பிள்ளை. மூன்றாம் நாள் மேலெல்லாம் சிவப்புப் புள்ளி வந்து, டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் தட்டணு குறைந்துகொண்டே போனது. ஷம்ஸியா வராந்தாவில் உட்கார்ந்து அல்லாவிடம் துஆ கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் மனைவி பாக்கியவதியும் போய்ப் பார்த்தோம். கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியைப் பற்றி நான் அங்கேயும் நாலு வார்த்தை பேசினேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் சுகாதார ஆய்வாளர் ஆட்களோடு வந்து வீடு வீடாகப் பார்த்தார். பிரேமலதாவும் கூட வந்தாள். அந்தக் கொசு ரொம்ப தூரம் பறக்காது, பிறந்த இடத்தைச் சுற்றியே கடிக்கும். எங்கள் மாடி வாளியில் அரை வாளித் தண்ணீர். அதில் நூற்றுக்கணக்கில் நெளிந்தன. கீழே வந்து அட்டையைப் பார்த்தார்கள். மூன்று வாரமும் "இல்லை". மூன்றுக்கும் கீழே அவள் கையெழுத்து.

ஆய்வாளர் மரியாதையாகத்தான் என்னிடம் கேட்டார், இவங்க மாடியைப் பார்க்கக் கேட்டாங்களா சார் என்று. வாசலில் தெருவே நின்றது. என்னிடம் படித்த இரண்டு பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

"கேக்கலையே" என்றேன்.

பிரேமலதா என்னைப் பார்த்தாள். பார்க்காமல் எழுதியது தப்புதான் என்று மட்டும் ஆய்வாளரிடம் சொன்னாள். அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்தி, நீலக் கோட்டையும் பையையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஆட்கள் வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உள்ளே நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள் என்று சொல்லிப் போனார்கள். நான் தலையாட்டிவிட்டு, அதை மறுபடியும் கவிழ்த்துவைத்தேன்.

பாக்கியவதி அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். சாப்பாடு பரிமாறும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்தப் பிள்ள எத்தன மட்டம் கேட்டான்னு உங்களுக்குத் தெரியாது?"

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அஸீலா பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் ஷம்ஸியா தெருவுக்கெல்லாம் நெய்ச்சோறு கொடுத்தாள்; எங்கள் வீட்டுக்கும் ஒரு பாத்திரம் வந்தது. நான் அதைத் தொடவில்லை. பொய் சொல்லிப் பதினோரு நாள் கழித்துத்தான் சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். பிரேமலதா கேட்டாள், நான்தான் விடவில்லை, அன்று பொய் சொன்னேன் என்று ஆய்வாளரிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்று, இந்த வயதில் இதற்காக அலைய வேண்டுமா சார், அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு, விடுங்கள் என்றார். எனக்கு நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த மரியாதை செருப்படிபோல இருந்தது.

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தச்சநல்லூருக்குப் போனேன். பிரேமலதா ஜவுளிக் கடையில் சேர்ந்திருந்தாள். கலைந்த சேலைகளை மடித்து அடுக்குகிற வேலை, நாள் முழுக்க நின்றபடிதான். கால் வீங்கியிருந்தது. சங்கர் கட்டிலில் படுத்தபடியே என்னைக் கும்பிட்டார். நான் யாரென்று அவள் அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. அவள் டீ போட்டுக் கொண்டுவந்தாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த மன்னிப்பு, "தப்புப் பண்ணிட்டேம்மா" என்பதோடு நின்றுவிட்டது.

"அஸீலா பள்ளிக்கூடத்துக்குப் போறாளா சார்?" என்று கேட்டாள்.

போகிறாள் என்றேன்.

"இந்த வருஷமும் மரம் வைப்பியளா?"

"ம்."

"அந்த வாளியத் தேச்சுக் கழுவிட்டியளா சார்? கொட்டிக் கவுத்துனா மட்டும் போகாது. முட்ட தண்ணிக்கு மேல ஓரத்துல ஒட்டிக்கிட்டு மாசக்கணக்கா காஞ்சு கெடக்கும். தண்ணி பட்டா பொரிச்சிரும்."

அதை நான் எத்தனை வருஷம் கேள்வித்தாளில் கேட்டிருக்கிறேன்.

"கழுவியாச்சும்மா" என்றேன்.

மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில், அவள் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அவளிடமே பொய் சொன்னேன். அவள் அதையும் நம்பினாள். "நல்லது சார்" என்று சொல்லிப் பஸ் நிறுத்தம்வரை கூட வந்து, வீங்கிய காலோடு பஸ் வரும்வரை நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் மாடிக்கு ஏறினேன். விளக்கைப் போட்டு வாளியை நிமிர்த்தினேன். வெள்ளை உள்சுவரில், தண்ணீர் நின்ற கோட்டுக்குச் சற்று மேலே, சுற்றிலும் கறுப்புப் புள்ளிகள். முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் சாக்பீஸால் நான் வரைந்த அதே புள்ளிகள். தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தேன். எப்படித் தேய்ப்பதென்று ஷம்ஸியா வீட்டில் அவள் தேய்த்ததைப் பார்த்திருந்ததால்தான் எனக்குத் தெரிந்தது.