கரண்ட் வைத்த உடம்பு

கதிர்வீச்சு சிகிச்சை புற்றுநோய்க் கட்டியை என்ன செய்கிறது, அதைச் சுற்றியுள்ள நல்ல சதையை என்ன பாடு படுத்துகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளோடு குடித்தனம். இதை ஊரில் யாருக்கும் விளக்க வேண்டிய சிரமம் எனக்கு இருந்ததில்லை. "கரண்ட் வைக்கிற படிப்பு" என்று அத்தை ஒரே வரியில் முடித்துவிடுவாள். எங்கள் திருவண்ணாமலையில் கதிர்வீச்சு என்று எவரும் சொல்வதில்லை. ஆபரேஷன், ஊசி, கரண்ட், அவ்வளவுதான் வைத்தியம்.

அம்மாவுக்கு இடது மார்பில் இருந்த கட்டியை எடுத்த பிறகு, வேலூருக்குப் போய்வந்து கரண்ட் வைத்துக்கொண்டாள். எல்லாம் முடிந்து வேங்கிக்கால் வீட்டில் வந்து உட்கார்ந்தபோது அந்தப் பக்கம் முழுக்கத் தோல் கறுத்து, அங்கங்கே உரிந்திருந்தது. சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வாள். வலிக்கிறதா என்று கேட்டால் "இல்ல" என்பாள். என் எலிகளாவது கத்தும்.

அந்த வாரம்தான் தங்கை கைக்குழந்தையோடு வந்தாள். அம்மாவுக்கு சிகிச்சை நடந்ததால் பிரசவத்தை மாமியார் வீட்டிலேயே பார்த்துக்கொண்டார்கள். பேத்தியை அம்மா போனில் மட்டுமே பார்த்திருந்தாள். ஒரே ஒரு தடவை மடியில் வாங்க வேண்டும், அதுதான் அவள் ஆசை.

தங்கை வந்த அன்றைக்கென்று பௌர்ணமி. மலை சுற்றிய கால்வலியை எங்கள் வீட்டில் ஆற்றிக்கொள்வது கீழ்பென்னாத்தூர் அத்தையின் நெடுநாள் வழக்கம். ஊர் உலகமெல்லாம் நல்லா இருக்கணும் என்று வேண்டிவிட்டு வந்த அதே வாயால் ஆரம்பித்தாள்.

"அண்ணி, கோச்சிக்காதீங்க. உங்க உடம்புல கரண்ட் ஏத்தியிருக்காங்க. இது பச்சக் கொழந்த. ஷாக்கு கீக்கு அடிச்சிட்டா என்னா பண்றது?"

நீட்டிய கைகளை அம்மா மடக்கிக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது மின்சாரமே இல்லை, மெஷினை நிறுத்தினால் அதோடு சரி, உடம்பில் ஒன்றும் தங்காது என்று மூச்சு விடாமல் பாடம் நடத்தினேன். அத்தை பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப நூத்துக்கு நூறு ஒண்ணும் ஆவாதுன்னு சத்தியம் பண்ணுவியா?"

பண்றேன் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். படித்த வாய் ஆயிற்றே! "இதுவரைக்கும் கெடுதல்னு எந்த ஆதாரமும் கெடைக்கல அத்தை" என்றேன்.

"பாத்தீங்களா அண்ணி, இதுவரைக்கும்னு இழுக்கிறா!"

"பரவால்ல, நான் தள்ளியே இருக்கேன்" என்று அம்மா எழுந்து போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

அதுவரை திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் சித்தப்பா அப்போதுதான் உள்ளே வந்து வாய் திறந்தார். "எதுக்கு இத்தினி வாக்குவாதம்? டெஸ்ட் பண்ணிட்டா தெரிஞ்சிடப் போவுது." சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, அதன் முனையை அம்மாவின் மணிக்கட்டில் வைத்து, கட்டைவிரலால் மேலே அழுத்தினார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் எட்டிப் பார்த்தேன்.

"லைட்டே வரல. சுத்தமா கரண்ட் இல்ல. தாராளமா தூக்குங்க அண்ணி."

"அட, இத மொதல்லயே சொல்லித் தொலையக் கூடாதா?" என்று அத்தை என்னைப் பார்த்துக் கேட்டாள். சித்தப்பா அளந்தது தப்பு, அளந்த விதம் தப்பு, முடிவு மட்டும் சரி. என் பேராசிரியர் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

தங்கை குழந்தையைக் கொண்டுபோய் அம்மாவின் கைகளில் கொடுத்தாள். அது பாலுக்குத் தேடுவதுபோல் தலையைத் திருப்பி, இடது மார்பில் முகத்தை அழுத்தித் தேய்த்தது. சேலைக்குள் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அம்மாவின் உதடு இறுகியது.

"மாத்திப் புடிம்மா, அந்தப் பக்கம் எரியும்" என்றேன்.

"எரியட்டும் போ" என்று அவள் இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.