மாமா வைக்காத ஒரு பூசை

சர்வேசுரனுடைய சித்தப்படி எங்கள் மாமா இவ்வுலகை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. ஜோகூரில் அவரைச் சாமி என்று அழைத்தவர்கள் பலர். மாமா என்று அழைக்கும் உரிமை எனக்கும் என் தம்பிமார் இருவருக்கும் மட்டுமே இருந்தது. கூடப்பிறந்த அக்காளாகிய என் தாயார்கூட, குருப்பட்டம் பெற்ற நாள்முதல் தம்பியைச் சாமி என்றுதான் சொல்வார். எங்கள் வீட்டுப் பெண்களில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான் ஒருத்தியே. ஆகவே இந்த நினைவு மலருக்கான கட்டுரை என் கைக்கு வந்தது. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் எழுத உட்கார்ந்து மூன்று வாரமாகியும் முதல் பக்கத்தைத் தாண்ட முடியாமல் இருந்தேன். காரணம் பின்னால் வரும்.

மாமா தென்னார்க்காட்டில் மழையை நம்பிய ஒரு சிற்றூரில் பிறந்தார். ஏழு வயதில், ஒரே வாரத்தில், காலராவுக்குத் தாய் தந்தை இருவரையும் பறிகொடுத்தார். என் தாயார் களையெடுக்கப் போய் அவருக்குக் கஞ்சி ஊற்றினார். அவ்வூர்க் குருவானவர் மாமாவின் அறிவைக் கண்டு புதுச்சேரிக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். அதற்குள் என் பெற்றோர் மணமுடித்து ஜோகூருக்குக் கப்பலேறிவிட்டார்கள். பட்டம் பெற்றதும், கடல் கடந்த தமிழருக்கு ஊழியம் செய்ய என்னை அனுப்புங்கள் என்று மாமா தாமாகவே கேட்டு வந்தார்.

வந்த பிறகு அவர் ஓரிடத்தில் இருந்ததில்லை. பொந்தியான் கரையிலிருந்து ஆயர் ஈத்தாம் வரை, செம்மண் சாலையிலும் சதுப்பிலும், தோட்டம் தோட்டமாக நடந்தார். பையில் செபப்புத்தகத்தோடு மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரையும் இருக்கும். கத்தோலிக்கர் வீடு எது, இந்துக்கள் வீடு எது என்று பார்த்து அவர் மாத்திரை கொடுத்ததில்லை. என் தாயார், "அங்கியெல்லாம் கிழிஞ்சு தொங்குதே சாமி" என்று கடிந்துகொண்டால், "கிழிசல் வழியாத்தான் அக்கா கொஞ்சம் காத்து வருது" என்பார்.

இந்துச் சமயத்து நண்பர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். பூசை வைக்கும் குரு நடுச்சாமம் முதல் பூசை முடியும்வரை ஒரு வாய்த் தண்ணீர்கூட அருந்தலாகாது. நற்கருணை வாங்குகிறவர்களுக்கும் அதுவே சட்டம். தொலைவுத் தோட்டத்தில் பத்து மணிக்குப் பூசை என்றால், மாமா விடியுமுன் கிளம்பி, வெறும் வயிற்றோடு அத்தனை தூரமும் நடப்பார். அவரைக் கொன்ற வயிற்றுப் புண் இப்படி வந்ததே என்று டாக்டர் சொன்னார்.

செனாய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் தகப்பனார் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். அதன் பெயரை எழுதவில்லை. அங்கே மூன்று மாதத்திற்கு ஒருமுறைதான் பூசை. ஒரு வருகையின்போது, ஞாயிற்றுக்கிழமையும் ஆட்களை வேலைக்கு இழுக்கிறான் என்று மாமா அங்கிருந்த கங்காணியை எல்லார் முன்னிலும் கண்டித்திருந்தார். மறுமுறை வந்த ஞாயிறன்று மாமாவுக்குக் காய்ச்சல். பூசைப் பெட்டியைச் சுமந்துகொண்டு மாமாவுக்குத் துணையாக ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார் முன்னால் போய்விட்டார். பதினொரு வயதுச் சிறுமியான நான் மாமாவை எதிர்கொண்டு அழைத்துவரச் சாலைக்குப் போயிருந்தேன். முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை எனக்கு அப்போது ஆகவில்லை. நோன்பு கிடையாது. ஆகவே கையில் தண்ணீர்ப் புட்டி வைத்திருந்தேன்.

பாதி வழியில் மாமா ஒரு ரப்பர் மரத்தடியில் சாய்ந்துவிட்டார். கண் மூடியிருந்தது. உதடு வெடித்திருந்தது. மாமா, மாமா என்று கத்தினேன். பதில் இல்லை. செத்துப்போவார் என்று பயந்து புட்டியை அவர் வாயில் சாய்த்தேன். இரண்டு மிடறு இறங்கிற்று. கண் திறந்தார்.

"என்னம்மா குடுத்தே?"

"தண்ணி மாமா."

அவர் உதட்டைப் புறங்கையால் துடைத்து, அதிலிருந்த ஈரத்தைப் பார்த்தார். செய்த பிழை எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"யாரும் பாக்கல மாமா. நான் சொல்லமாட்டேன்" என்றேன்.

"பாத்தா என்ன, பாக்காட்டி என்ன. உள்ள போயிருச்சே" என்று சொல்லி, என் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

கொட்டகையில் எண்பது பேர் பட்டினியாய்க் காத்திருந்தார்கள். மாமா அவர்கள்முன் நின்று, "தண்ணி குடிச்சிட்டேன். தப்பு என்னுடையதுதான். இன்னிக்குப் பூசை வைக்க முடியாது. நாளைக்குப் பெரட்டுல ஆள் கணக்கு எடுக்கிறதுக்கு முன்னாடி, இருட்டோட வைக்கிறேன்" என்றார். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை.

கங்காணி எழுந்தார். "போன தடவ என்னைத் திட்டினீங்க. அது பத்தாதுன்னு இன்னிக்கு எல்லாத்தையும் பட்டினி போடுறீங்களா சாமி? பச்சத் தண்ணி பல்லுல படாம உக்காந்திருக்கோம்!"

பின்னாலிருந்து ஒரு பெண், "கைப்புள்ளக்காரி நானே தாங்கிட்டேன். ஆம்பள சாமிக்குத் தாங்கலயாக்கும்!" என்றாள். சிலர் சிரித்தார்கள். சிலர் அழுதார்கள். நான் என் தாயாரின் சேலைக்குப் பின்னால் நின்றேன். புட்டியைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டேன்.

மறுநாள் இருட்டில் நடந்த பூசைக்கு என் பெற்றோரையும் உபதேசியாரையும் சேர்த்து ஆறு பேர் வந்தார்கள்.

கங்காணியின் மேலுள்ள கோபத்தில் சாமியார் வேண்டுமென்றே பூசையைக் கெடுத்தார் என்ற பேச்சு அங்கேயே நின்றுவிடவில்லை. குருக்களுக்கெல்லாம் தலைவரான மேற்றிராணியாருக்கு மனு போயிற்று. விளக்கம் கேட்டு வந்த கடிதத்திற்கும் மாமா தண்ணீர் குடித்ததாக மட்டுமே பதில் எழுதினார். அத்தோட்டத்தார் ஞானஸ்நானத்திற்கும் கலியாணத்திற்கும் வேறு குருவைத் தேடிப் போனார்கள். மாமா மட்டும் தவறாமல் அங்கே போய், ஏழெட்டுப் பேருக்குப் பூசை வைத்துவிட்டுத் திரும்பினார். அந்த ஆண்டே என்னை ஜோகூர் பாருவில் கன்னியர் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். இன்று நான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன்.

மாமாவின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தவள் நான். இரத்த வாந்தி நின்றிருந்த ஒரு காலையில் கேட்டேன்: "அன்னைக்கே என் பேரச் சொல்லியிருக்கலாமே மாமா. எட்டு வருஷமா எதுக்கு இந்தப் பழி?"

"உங்கப்பனுக்கு அந்தக் கங்காணிகிட்டதான வேலை. பேரச் சொல்லியிருந்தா மறுவாரம் உங்க சட்டி பானை ரோட்டுல கெடக்கும். சின்னப் புள்ளையக் காட்டிக் குடுத்துட்டு நான் எப்படி கோயில்ல நிக்கிறது?" என்றார். பிறகு, "அந்தத் தோட்டத்து ஜனங்க யாராவது வந்தாங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தார். அவஸ்தைப்பூசுதல் பெற்று, செபமாலை சொல்லிக்கொண்டே அடங்கினார். அடக்கத்தின்போதும் அத்தோட்டத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. இருபது ஆண்டு நடந்த கால்களுக்குப் புதுச் செருப்பு மாட்டி அனுப்பினோம்.

இதையெல்லாம் எழுதி வீட்டில் வாசித்துக் காட்டினேன். இப்போது வேறு தோட்டத்தில் வேலை பார்க்கும் என் தகப்பனார், "இதெல்லாம் அச்சுல வேணுமா? நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பாக்கணும். அந்தத் தோட்டத்துலயும் நமக்குச் சொந்தம் இருக்கு" என்றார். என் தாயார் அடுப்படியிலிருந்து வந்தார். மாமா குருப்பட்டம் பெற்ற பிறகு முதல்முறையாக அவரைத் தம்பி என்றார். "எந் தம்பி வாய மூடிக்கிட்டே செத்தான். இவ படிச்சது எதுக்கு? போடட்டும்" என்றார்.

மாமாவின் நோயில் கூட இருந்த டாக்டருக்கும் டிரஸ்ஸருக்கும், இரவு பகல் பாராமல் செபித்த கன்னியர்களுக்கும், மழையில் பெட்டியைத் தோளில் சுமந்த பொந்தியான் சகோதரர்களுக்கும், குழிக்கு முதல் பிடி மண் போட்ட இந்துச் சகோதரர்களுக்கும், இம்மலரை அச்சிட உதவியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தார் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

அத்தோட்டத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, உங்களுக்கும் இம்மலரை அனுப்பியிருக்கிறோம். படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள். தண்ணீர் கொடுத்தவள் நான். மாமாவின் ஆண்டு நினைவுப் பூசையை உங்கள் தோட்டத்துக் கொட்டகையிலேயே வைக்கப் புதிய சாமியார் இசைந்திருக்கிறார். வரும் ஞாயிறு, காலை பத்து மணி. நான் வாசலில் நிற்பேன். கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள், ஏச வேண்டியதை என்னை ஏசுங்கள். பிறகு உள்ளே வந்து அவருக்காக முழங்காலிடுங்கள்.

அக்காள் மகள்
மரிய செல்வம்