ஹைரியா கையெழுத்துப் போடாத லாரி

எங்கள் தொழிற்சாலையில் ஹைரியாவுக்குப் பட்டப்பெயர் சுங்கச்சாவடி. அவள் சோதித்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு லாரியும் வாசல் தாண்டாது. பெயரை வைத்தவன் நான். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு அவளைக் கட்டிக்கொண்ட கணவனே வைத்துவிட்டதால் வேறு யாரும் யோசிக்கவில்லை. எழுபது பேரும் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள்.

எங்கள் நாட்டில் சண்டை நடந்த வருஷங்களில் அவள் வீட்டார் ஜெர்மனிக்கு ஓடிப்போனார்கள். எட்டு வயதில் போனவள் பதினாலு வயதில் எங்கள் ஊரான சவிடோவிச்சிக்குத் திரும்பி வந்தபோது கையில் இருந்த ஒரே சொத்து ஜெர்மன் மொழி. அதற்கு இங்கே வேலையில்லை. மரத்தில் உப்புத்தாள் தேய்க்க எந்த மொழியும் வேண்டாம். பத்து வருஷம் தேய்த்தாள்.

பிறகு எங்கள் முதலாளி முனிபுக்கு ஆஸ்திரியாவில் கட்டில் விற்கும் ஆசை வந்தது. ஆசையின் பின்னாலேயே ஜெர்மன் மொழியில் ஒரு கட்டு விதிகளும் வந்தன. பலகையின் பசையிலிருந்து எவ்வளவு வாடை வரலாம், அலமாரியின் எல்லா இழுப்பறையையும் திறந்தால் அது முன்னால் சாயலாமா, மரம் எந்தக் காட்டில் வெட்டியது என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. முனிப் அதை எடை பார்ப்பதுபோலக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு ஹைரியாவிடம் கொடுத்தார். அவள் மூன்று மாதம் படித்தாள். சாப்பாட்டு மேசையில் படித்தாள், படுக்கையில் எனக்கும் வாசித்துக் காட்டினாள். நான் நன்றாகத் தூங்கினேன்.

படித்து முடித்ததும் என் இழைப்பு இயந்திரத்துக்கு வந்து, ஏழரை சென்டிமீட்டரில் ஒரு மரக்கட்டை கேட்டாள். அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில், பிள்ளை விழாமல் இருக்க ஒரு தடுப்பு இருக்குமே, அதன் பட்டைகளுக்கு நடுவே உள்ள சந்து அதற்கு மேல் போகக் கூடாதாம். போனால் பிள்ளையின் கால் நுழையும், உடம்பும் நழுவும், தலை மாட்டிக்கொள்ளும். சந்தின்மேல் வைத்தால் கட்டை நிற்க வேண்டும், உள்ளே விழுந்தால் சந்து பெரிது. அன்றிலிருந்து அந்தக் கட்டை அவள் மேலங்கிப் பையில்தான் இருந்தது.

ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்து வியாபாரி லெய்ட்னரிடமிருந்து வந்த முதல் ஆர்டர் முந்நூற்று இருபது அடுக்குக் கட்டில்கள். மாதிரிக் கட்டில் அங்கே சோதனைக்கூடத்தில் தேறிவிட்டது. அப்புறம்தான் சந்தை படுத்தது. ஜனங்கள் புதுக் கட்டில் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள், தூரக் கிழக்கிலிருந்து பாதி விலைக்குச் சரக்கு வந்து குவிந்தது. விலையைக் குறைக்காவிட்டால் ஆர்டர் இல்லை என்றார் லெய்ட்னர். முனிப் என்னிடம் வந்தார்.

"ராமிஸ், தடுப்புப் பட்டையோட அகலத்துல அரை சென்டி குறைச்சிடு. யார் கண்ணுக்குத் தெரியப்போகுது?"

குறைத்தேன். எவ்வளவு மரம் மிச்சம் என்று பீற்றிக்கொள்ளவும் செய்தேன். துளைகள் பழைய இடத்திலேயே இருக்க, பட்டை ஒல்லியானால் சந்து அகலமாகும் என்பது இருபத்தாறு வருஷம் அந்த இயந்திரத்தில் நின்ற என் மண்டைக்கு எட்டவில்லை. ஹைரியா அந்த வாரம் அக்கா மகள் கல்யாணத்துக்கு துஸ்லா போயிருந்தாள்.

வியாழக்கிழமை காலை திரும்பி வந்தாள். லாரியில் பாதிச் சரக்கு ஏறியிருந்தது. ஏற்றிய சரக்கில் கைக்கு அகப்பட்ட ஒரு பெட்டியை இழுத்துப் பிரித்தாள். தடுப்பைப் படுக்கவைத்துச் சந்தின்மேல் கட்டையை வைத்தாள். அது நிற்காமல் கீழே விழுந்தது. இன்னும் இரண்டு பெட்டி பிரித்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

முனிபின் அறைக்கு ஒரு தடுப்பைத் தூக்கிக்கொண்டு அவள் போக, இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். அந்த அறையில் ஜன்னல் சாத்தவே மாட்டார்கள். முதலாளி ஓயாமல் புகைப்பவர். எங்கள் ஊரில் பிடரியில் காற்றுப் படுவதைவிடப் பெரிய வியாதி கிடையாது என்பார்கள், ஆனால் அவர் ஜன்னலைச் சாத்த யாருக்குத் தைரியம்?

"முதலாளி, நான் கையெழுத்துப் போட மாட்டேன். சந்து ஏழு புள்ளி எட்டு இருக்கு. முதல்ல அந்த ஜன்னலைச் சாத்துங்க, கழுத்து பிடிக்குது."

அவர் ஜன்னலைச் சாத்தவில்லை. "மூணு மில்லிமீட்டருக்கா லாரியை நிறுத்தச் சொல்றே? லேட்டானா லெய்ட்னர் வேற ஆளைப் பார்த்துடுவான். எழுபது குடும்பம் ஹைரியா. உன் குடும்பமும் அதுல ஒண்ணு."

"தெரியும். ரெண்டு பேருமே இங்கதானே வேலை பாக்கறோம்."

"ஆஸ்திரியாவுக்குள்ள சரக்கை இறக்குறவன் லெய்ட்னர். ஏதாவது ஆனா அவன்தான் பதில் சொல்லணும்."

"கட்டில்ல அவர் பேரு மட்டுமா இருக்கு? நம்ம பேரு, ஊரு, போன் நம்பர் எல்லாம் இருக்கு. தலை மாட்டிக்கிட்ட பிள்ளையோட அம்மா போன் பண்ணா யார் எடுக்கறது? நீங்களா, நானா?"

முனிப் என் பக்கம் திரும்பினார். "உன் பொண்டாட்டிக்குக் கொஞ்சம் புத்தி சொல்லேன்."

"வீட்லயே என் பேச்சு எடுபடாது முதலாளி" என்றேன்.

ஹைரியா லாரிக் காகிதத்தையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள். "கம்பெனி உங்களோடது. நீங்களே போடுங்க. போடறதுக்கு முன்னாடி இந்தக் கட்டையை உங்க கையால ஒருதரம் சந்துல விடுங்க. அது நின்னா நானும் போடறேன்."

முனிப் விட்டார். கட்டை தரையில் விழுந்தது. அடுத்த சந்தில் விட்டார், அதுவும் விழுந்தது. நான் கொண்டுவந்த தடுப்பிலும் விட்டுப் பார்த்தார். மூன்றாம் முறை குனிந்து எடுத்தவர் கட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, பேனாவைத் தள்ளிவிட்டுப் போனை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நீயே சொல்லு. ஜெர்மன்ல திட்டு வாங்க எனக்குத் தெம்பில்ல."

அவள் ஒளிக்காமல் சொன்னாள், யார் குறைத்தது, ஏன் குறைத்தது உட்பட. என் பெயரும் அந்த ஜெர்மனுக்குள் ஒருமுறை போனது. லெய்ட்னர் பத்து நாள் கொடுத்தார், தாமதத்துக்கு விலையிலும் பிடித்துக்கொண்டார். ஏற்றியதை இறக்கினோம். முந்நூற்று இருபது கட்டிலுக்கும் புதுத் தடுப்பு செய்தோம். நான் இழைத்த ஒவ்வொரு பட்டையும் ஐந்து சென்டி, ஒரு மயிரிழை குறையாமல். ஒன்பதாம் நாள் கட்டை எந்தச் சந்திலும் விழவில்லை, ஹைரியா கையெழுத்துப் போட்டாள். பழைய தடுப்புகள் இன்று எங்கள் ஊரில் பாதி வீட்டுக்குக் கோழிக்கூண்டு. வழியில் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன், அவள் நிமிர்த்திக்கொள்வாள்.

அந்த ஆண்டு முடிவதற்குள் சந்தை இன்னும் மோசமானது. லெய்ட்னர் தனக்குச் சரக்கு கொடுத்துவந்த ஒன்பது தொழிற்சாலைகளை இரண்டாகக் குறைக்கிறார் என்று செய்தி வந்தது. எங்களை விட்டுவிடுவார் என்றே நினைத்தோம். கடிதம் வந்த அன்று முனிப் எல்லாரையும் தன் அறைக்கு அழைத்தார். அறைக்குள் பாதிப் பேர், வாசலில் பாதிப் பேர். ஹைரியா திறந்திருந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, கடிதத்தை வாங்கி மொழிபெயர்த்தாள்.

மிஞ்சிய இரண்டில் ஒன்று நாங்கள். மூன்று வருஷ ஒப்பந்தம். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"படி" என்றார் முனிப்.

"ஒவ்வொரு லாரியோட காகிதத்துலயும் என் கையெழுத்து இருக்கணுமாம். வேற யார் போட்டாலும் சரக்கை எடுக்க மாட்டாங்களாம்." முகமெல்லாம் சிவந்துவிட்டது அவளுக்கு. "எனக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்றதாம்?"

"லாரி நிக்கும்" என்றார் முனிப்.

சிகரெட்டை அணைத்தார். நாற்காலியை விட்டு எழுந்து, எங்களை விலக்கிக்கொண்டு போய், அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னலைத் தன் கையாலேயே சாத்தினார்.