ஏரித் தண்ணீரைப் படித்த வருடம்

ரெக்ஸ்டேலில் நான் வேலை செய்த தொழிற்சாலையில் கதவுப் பிடிகள் செய்தோம். எனக்கு முலாம் பூசும் பகுதி. பிடிகளைக் கழுவிய தண்ணீரை அப்படியே வெளியே விட முடியாது. தொட்டிகளில் தேக்கி, கலந்திருக்கும் உலோகத்தைப் பிரித்த பிறகுதான் விடலாம். அந்தத் தொட்டிகளைப் பார்ப்பதும் என் பொறுப்பு. கனடாவுக்கு வந்த பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

வெளிநாட்டிலிருந்து வந்த பிடிகள் எங்களுடையதைவிட மலிவாகக் கடைகளில் தொங்கத் தொடங்கின. முதலில் இரவு ஷிப்ட் நின்றது. பிறகு ஆட்களைக் குறைத்தார்கள். என் கணவருக்குப் பக்கத்து நகரான பிறம்ரனில் ஒரு கிடங்கில் வேலை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார்: "இண்டைக்குக் கொன்ரெய்னர் முழுக்கக் கதவுப் பிடியள்தான் இறக்கினனாங்கள்." அந்த வசந்தத்தில் எங்கள் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.

மூடிய கையோடு, அரசாங்கச் செலவில், பக்கத்துக் கட்டடத்தில் ஓர் உதவி நிலையம் திறந்தது. எங்களுக்கு வழிகாட்ட எங்களுக்குள்ளேயே சிலரைத் தெரிந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து இருத்தியிருந்தார்கள். எனக்கு வாய்த்தவர் பிடிகளைப் பெட்டியில் அடைக்கும் பகுதியில் வேலை செய்த ஓர் அக்கா. மெஷின் சத்தத்தில் நாங்கள் தலையாட்டிக்கொண்டதோடு சரி, ஆற அமரப் பேசியதே இல்லை.

"நீர் என்ன படிக்க விரும்புறீர்?" என்று கேட்டார்.

"எனக்கு ஒரு வேலை எடுத்துத் தாங்கோ அக்கா. கிளீனிங் எண்டாலும் பரவாயில்லை."

"அதைப் பிறகு பாப்பம். படிக்க என்ன விருப்பம்?"

அப்படி ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கல்லூரிக் கட்டணத்தையும், படிக்கும் காலத்தில் வீட்டுச் செலவில் ஒரு பங்கையும் அரசாங்கம் தரும் என்றார் அக்கா. நான் நம்பவில்லை.

"எனக்கு ஏன் தருவினம்?"

"வேலை உம்மட பிழையால போகேல்லையே. வெளியில இருந்து சாமான் வந்து குவிஞ்சதால போனது. உம்மை இப்பிடியே விட்டிட்டு இருக்கேலாது எண்டுதான் தருகினம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீர்தானே அந்தத் தண்ணித் தொட்டியளைப் பாத்தனீர்? சிட்டிக்குக் குடிதண்ணி சுத்தப்படுத்துற படிப்பு ஒண்டு கிடக்கு," என்றார்.

தொழிற்சாலை மண்டபத்தின் மறுகோடியில் நின்று பெட்டி அடைத்தவர், நான் என்ன செய்கிறேன் என்பதை இத்தனை வருடமும் பார்த்திருக்கிறார்.

எல்லோருக்கும் அந்தப் படிப்புதவி கிடைக்கவில்லை. சிலர் பொறுத்திருக்க முடியாமல் கிடைத்த வேலைக்கு ஓடினார்கள். வேலையிழப்புக் கொடுப்பனவு முடியும்வரை வீட்டில் இருந்துவிட்டு, பிறகு என்ன ஆனார்கள் என்றே தெரியாமல் போனவர்களும் உண்டு. அக்கா எங்கள் ஒவ்வொருவருக்காகவும் தொலைபேசியில் மன்றாடிக்கொண்டிருந்தார். நிலையம் மூடும் நாள்வரை தனக்கென்று ஒன்றும் தேடவில்லை. இப்போது அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார்.

ஐம்பதை நெருங்கும்போது நான் வகுப்பில் போய் இருந்தேன். கணிதத்தில் முதல் தரம் பெயில். இரண்டாம் தரம் ஒருவாறு தப்பினேன். விட்டுவிடலாம் என்று நினைத்த வாரத்தில்தான் ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். கண்ணாடிக் குவளைகளில் கலங்கிய ஏரித் தண்ணீர். ஆசிரியை அலம் என்ற ஒன்றை விட்டார். அது நம்முடைய படிகாரம்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மெல்லிய துடுப்புகள் தண்ணீரைக் கலக்கின. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எங்கிருந்தோ பஞ்சுத் துணுக்குகள் போலத் தோன்றின. ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து, மெதுவாகக் கீழே இறங்கின. மேலே நின்ற தண்ணீருக்கு அப்பால் ஆசிரியையின் விரல்கள் தெளிவாகத் தெரிந்தன. தொழிற்சாலைத் தொட்டிகளிலும் இதுதான் நடந்திருக்கும். அவை மூடிய தொட்டிகள், நான் கண்டதில்லை.

மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் அங்கேயே நின்றேன்.

"முதல் தடவை பார்க்கிறீர்களா?" என்று ஆசிரியை ஆங்கிலத்தில் கேட்டார். தலையாட்டினேன். "நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். இன்னும் நின்றுதான் பார்க்கிறேன்," என்றார்.

படிப்பு முடிந்து, ஏரிக்கரையில் உள்ள ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் பயிலுநராகச் சேர்த்துக்கொண்டார்கள். வடிகட்டும் மண்டபத்துக்குள் முதல் நாள் நுழைந்தபோது என் குரல் தானாகவே தணிந்துவிட்டது. இரு பக்கமும் நீள நீளமாகக் குளங்கள். அசைவே இல்லை. ஆனால் அந்த அமைதிக்கு அடியில், மணல் அடுக்குகளுக்கூடாக, ஒரு பெருநகரம் குடிக்கும் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. குளிப்பாட்டப்படும் குழந்தைகள், தேநீர்க் கடைகள், ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் இந்தத் தண்ணீர்தான். திறந்தால் வரும் என்பதற்கு மேல் நான் குழாயைப் பற்றி நினைத்ததே இல்லை.

சென்ற வருடம் பொதுமக்களை உள்ளே விட்ட ஒரு நாள், கணவரும் வந்தார். குளத்தோரக் கம்பியைப் பிடித்தபடி மண்டபத்தின் கடைசிவரை பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இவ்வளவும் குடிக்கிற தண்ணியோ?"

"ஓம்."

"உம்மையோ இதுக்குப் பொறுப்பா விட்டிருக்கினம்?"

"எல்லாரும் முறை வைச்சுப் பாக்கிறனாங்கள். பின்னேரம் என்ர முறை."

அவர் குளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் தள்ளி நின்று அவர்களுக்கு இடம் விட்டோம்.