ஷெட்டின் மேல்பாதி

கொரட்டூரில் நான் வாடகைக்கு எடுத்தது ஒரு கார் ஷெட்டின் மேல்பாதியை மட்டும். கீழ்ப்பாதி வீட்டுக்கார அக்காவின் காருக்கு. தரையிலிருந்து ஏழடிக்கு மேல், தகரக் கூரைக்குக் கீழ் உள்ள காற்று என்னுடையது. இத்தனை ஊரில் இத்தனை இடத்தில் குடியிருந்திருக்கிறேன், இப்படி ஒரு வாடகையை எங்கும் கேள்விப்பட்டதில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு லாரி கிளீனர், ஹூப்ளியில் செங்கல் சூளை, கோவாவில் ஓட்டல் பாத்திரம், கடைசியாக ஆலப்புழை. அங்கே சுற்றுலாக்காரர்களுக்குக் கயாக் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் ஆறு வருடம் இருந்தேன். கயாக் என்றால் ஒருவர் கால்நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் அலகு வைத்த துடுப்பால் ஓட்டும் ஒல்லிப் படகு. அந்த இடத்தை மூடியபோது பழைய பிளாஸ்டிக் கயாக் இரண்டை நான் வாங்கிக்கொண்டேன். பூந்தமல்லிக்கு வந்த ஒரு காய்கறி லாரியின் மேல் கட்டி அவற்றோடு நானும் வந்து இறங்கினேன்.

வார நாளில் வானகரத்தில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே படகுகளைக் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு பழவேற்காடு ஏரிக்குப் போவேன். அடுக்குமாடிகளில் இருக்கும் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் இரண்டு பேர், நாலு பேர் என்று வந்து மாறி மாறி ஏறுவார்கள். தண்ணீரில் முதல் அரைமணி நேரம் என்னைத் திட்டுவார்கள். அப்புறம் இறங்க மாட்டேன் என்பார்கள். என் வாழ்க்கையில் ஒரு வேலை எனக்குப் பிடித்தும் இருந்து, எனக்குச் சொந்தமாகவும் இருந்தது அப்போதுதான். இரண்டு படகும் இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

நான் தங்கியிருந்தது மூன்று பேரோடு ஒரே அறையில். அங்கே கால் நீட்டவே இடம் கிடையாது, பத்தடிப் படகை எங்கே நீட்டுவது? கொரட்டூர் ஏரிப் பக்கத் தெருக்களில் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் துணிக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்த இந்த அக்கா மட்டும்தான் கதவைச் சாத்தாமல் கேட்டார்.

"என் வண்டி நிக்கணும். அது போக மிச்சம் கீற எடத்துல இன்னா வேணா மாட்டிக்கோ. ஆனா ஒண்ணு, ஒரு ஆணி என் வண்டி மேல வுழுந்தாலும் அன்னிக்கே காலி பண்ணிடணும்."

தை மாதம் மாட்டினேன். ஆலப்புழையில் செய்தது போலவே கூரையின் இரும்புக் குழாய்களில் கப்பி கட்டி, படகின் மூக்கிலும் வாலிலும் நைலான் கயிறு போட்டு இழுத்து ஏற்றினேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் போய் நின்றன. அக்காவின் சின்னக் கார் கீழே நுழைந்த பிறகும் மேலே இரண்டடி இருந்தது. தெருவில் கூட்டம் கூடிவிட்டது. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் சும்மா இருப்பாரா?

"மாமே, ஏரி ஒடைஞ்சா எனக்கு ஒரு சீட்டு போட்டு வையி. ஜன்னல் ஓரமா."

நாலு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு கத்திரி வெயில் வந்தது.

நான் செய்த தப்பை ஆலப்புழையிலிருந்து வந்தவனால்தான் செய்ய முடியும். அங்கே படகுகள் தொங்கியது ஓலைக் கொட்டகையில், தென்னை நிழலில். இங்கே தகரத்துக்கு ஒன்றரைச் சாண் கீழே தொங்குகின்றன. மத்தியானம் அந்தத் தகரத்தில் கையை வைக்க முடியாது. படகு பிளாஸ்டிக் என்பது எனக்குத் தெரியும். தகரம் சுடும் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் கிடங்குக்குப் போன் வந்தது.

"உன் படகு தொங்கினு கீதுபா. வந்து பாரு."

"அது தொங்கத்தானே அக்கா மாட்டியிருக்கேன்?"

"வாய மூடிகினு வா."

போய்ப் பார்த்தேன். இரண்டு முனையில் மட்டும் பிடி இருந்ததால் நடுவயிறு இளகி இறங்கி, படகு வாழைப்பழமாக வளைந்திருந்தது. வளைந்ததில் வால்பக்கக் கயிறு நழுவி, அந்த முனை காரின் கூரைக்கு இரண்டு விரல் மேலே நின்றது. இன்னொரு படகும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. அக்கா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"காலையில என் பொண்ணு வண்டிக்குள்ள உக்காந்து போன் பேசிகினு இருந்தா. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள எடுத்துடுபா."

படகுகளை இறக்கிச் சுவரோரம் வைத்தேன். அன்று மாலையே பழைய புத்தி வந்துவிட்டது. இரண்டையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு ரயில் ஏறினால் ஆயிற்று. அதைச் செய்ய எனக்கு ஒரு மணி நேரம் போதும். பலமுறை செய்திருக்கிறேன். இந்த முறை மட்டும் எந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பது என்று தோன்றவே இல்லை.

மறுநாள் விற்கிற எண்ணத்தோடுதான் பூந்தமல்லிக்குப் போனேன். படகை வாங்குகிறவர் ஊருக்கு லாரியில் அனுப்புவதென்றால் சுற்றிக்கட்ட ஒரு தார்ப்பாய் வேண்டும். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுக்கும் பாய் ஒருவரின் கடை அங்கே உண்டு. என்னைவிடப் பத்து வயது சின்னவர், வாய் மட்டும் பெரியது. அளவு கேட்டார். போனில் படம் காட்டினேன். வளைந்த படகைப் பார்த்து மெஷினை நிறுத்திவிட்டார்.

"இன்னா அண்ணாத்தே இது, முருங்கக்காயா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"கயித்துலயா தொங்கவுட்ட? உங்க ஊட்ல கொழந்தைய ஏணைல போடுவாங்களா, இல்ல ரெண்டு காலையும் கயித்துல கட்டித் தொங்கவுடுவாங்களா?"

கடையில் இருந்த டிரைவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவர் சொன்ன ஏணை, அந்தத் துணித் தொட்டில், காதுக்குள்ளேயே நின்றது. வெயிலை ஒன்றும் செய்ய முடியாது, பிடியை அகலமாக்கலாம். அரைமணி நேரம் அங்கேயே நின்று இருவரும் தரையில் சாக்கட்டியால் படம் போட்டோம். நான் தார்ப்பாய் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக, இரட்டைத் தார்ப்பாய்த் துணியில் இரண்டு ஓரமும் லாரி பெல்ட் வைத்துத் தைத்த ஒன்றரை அடி அகல ஏணைகள் ஆறு சொன்னேன். படகுக்கு மூன்று.

"வியாழக்கெழம வா. ஆனா என் ரெண்டு பொண்ணுங்களயும் ஒரு நாள் ஏத்திகினு போவணும், சொல்லிட்டேன்" என்றார்.

நடுவில் இருந்த நாட்களில் வளைவை எடுக்க வேண்டியிருந்தது. கிடங்கில் இரவு வேலையாக மாற்றிக்கொண்டு, பகலில் படகுகளைக் கவிழ்த்து அக்கா வீட்டு வாசலில் வெயிலில் போட்டேன். எந்தச் சூடு வளைத்ததோ அதே சூட்டில் அவை மெதுவாகத் திரும்ப வந்தன. உச்சி வெயிலில் வெந்நீரும் ஊற்றி, எங்கே மேடாக இருந்ததோ அங்கே மணல் மூட்டை வைத்தேன். அக்கா தினமும் வேலைக்குப் போகும்போது ஒரு பார்வை, வரும்போது ஒரு பார்வை. புதன்கிழமை மட்டும் ஒரு சொம்பு மோரைப் படகின் மேலேயே வைத்துவிட்டுப் போனார். ஒரு படகு முழுதாக நிமிர்ந்துவிட்டது. இன்னொன்று இன்றைக்கும் கொஞ்சம் இடது பக்கம் இழுக்கும். புதிதாக வருகிறவர்களிடம் அதைக் கொடுப்பதில்லை, நான் வைத்துக்கொள்கிறேன்.

அக்காவின் கெடுவுக்கு ஒரு நாள் முன்பு, சனிக்கிழமை, மறுபடி மாட்டினேன். தகரத்துக்கு அடியில் தெர்மாகோல் பலகை அடித்தேன். படகுகளைக் கவிழ்த்து, மூன்று மூன்று ஏணைகளில் ஏற்றினேன். கயிறு பெல்ட்டை மட்டும்தான் தொட்டது, படகைத் தொடவில்லை. குழாய்க்கும் ஏணைக்கும் நடுவில் நழுவினாலும் தாங்க இன்னொரு சங்கிலி. அக்கா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகம் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு படகை இறக்கிவிட்டு, அதன் மூன்று ஏணைகளிலும் நான் ஏறிப் படுத்தேன். படகு இருபத்தைந்து கிலோ. நான் எழுபத்திரண்டு. தலை ஒன்றில், இடுப்பு ஒன்றில், கால் ஒன்றில். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் வந்து பார்த்துவிட்டுச் சங்கு ஊதுவது போலக் கையை வாயில் வைத்தார்.

"எறங்குபா, பாக்க சகிக்கல" என்றார் அக்கா. பிறகு, "மூணு நாள் தொங்கட்டும். வண்டி வெளிய நிக்கட்டும். அப்பறம் சொல்றேன்."

அந்த மூன்று நாளும் கார் தெருவில் வெயிலில் நின்றது. காக்கை எச்சம், தூசி, பக்கத்துத் தெரு கட்டட வேலையின் சிமெண்டுப் பொடி எல்லாம் அதன் மேல்தான். எனக்கு அந்தக் காரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. தினமும் காலையில் கிடங்கிலிருந்து நேராக வந்து, ஏணையின் அடியிலிருந்து தரைக்கு ஒரு குச்சியை வைத்து அளப்பேன். முதல் நாள் அரை விரல் இறங்கியிருந்தது, புதுத் துணி இழுபடும் அல்லவா. அடுத்த இரண்டு நாளும் அசையவில்லை.

நாலாம் நாள் காலை வந்தபோது தெருவில் காரைக் காணோம். ஷெட்டில், படகுகளுக்குக் கீழே, கழுவித் துடைத்து நின்றிருந்தது. அக்கா அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, இரண்டு படகுகளுக்கும் நடுவில் உள்ள இடத்தைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

"அந்த பாய்கிட்ட இன்னும் ரெண்டு ஏண தைக்கச் சொல்றியா?"

"எதுக்கு அக்கா?"

கீழே இரண்டு தகரப் பெட்டிகள் இருந்தன. ஒன்றைத் திறந்து காட்டினார். வைக்கோலுக்குள் கொலு பொம்மைகள், எல்லாம் மண். செட்டியார், செட்டியாரம்மா, தசாவதாரம்.

"மாடில மழ ஒழுவி ரெண்டு அவதாரம் கரைஞ்சி போச்சி. இங்கனா பத்திரமா இருக்கும்."

"மேல்பாதி என்னுது அக்கா. நீங்கதான சொன்னீங்க" என்றேன்.

"வாடகைக்குக் குடுத்தவ நானு. ஸ்டூல புடி, எறங்கணும்" என்றார்.