பண்டிகை நாள்களில் பணியில் நின்ற எங்கள் அக்கா

எங்கள் அக்காவை அடக்கம் செய்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களில் பலர், அக்காவை எந்த விசேஷ வீட்டிலும் பார்த்திருக்க மாட்டீர்கள். அதன் காரணத்தைத் தம்பியாகிய நான்தான் எழுத வேண்டும்.

அக்கா பிறந்தது ஆலங்குளத்தை அடுத்த சிற்றூரில். அப்பா குவாரியில் சுண்ணாம்புக்கல் உடைத்தார்கள். அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தோம். தண்டவாளப் பராமரிப்பு வேலையிலிருந்த மச்சான் ஏழே ஆண்டில் மாரடைப்பில் போய்விட்டார்கள். கையில் பெண்குழந்தையோடு நின்ற அக்காவுக்கு ரயில்வே வேலை கிடைத்தது. ராஜபாளையத்துக்குக் கிழக்கே ஒரு ரயில்வே கேட்டில் கேட் கீப்பர்.

பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ் வந்தால் ஊர் திரும்புகிறவர்களுக்காகச் சிறப்பு ரயில்கள் விடுவார்கள். அந்த நாள்களில் அக்காவுக்கு விடுப்புக் கிடைப்பது அரிது. மகளுக்குப் புதுத்துணியை முதல் நாளே உடுத்தி அழகு பார்த்துவிட்டு, விடியுமுன் டூட்டிக்குக் கிளம்பிவிடுவார்கள்.

ஒரு கிறிஸ்துமஸ் காலை, ஆராதனைக்குப் புறப்படும்போது அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. வேனில் படுக்கவைத்து ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம். அக்காவின் கேட் அடைத்திருந்தது. இறங்கி ஓடினேன்.

“அக்கா, அப்பா உள்ள கெடக்காவ. கேட்டைத் தொற.”

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. “சிக்னல் கொடுத்தாச்சுலே. வண்டி போற வரைக்கும் கேட்டுப் பூட்டுல சாவி திரும்பாது. நான் என்ன செய்வேன்” என்றார்கள்.

நான் கத்தினேன். அக்கா போனில் ஸ்டேஷனைக் கூப்பிட்டார்கள். வண்டி கிளம்பிவிட்டது என்று பதில் வந்தது. பச்சைக் கொடியோடு தன் இடத்தில் போய் நின்றார்கள். அங்கிருந்து வேன் பத்தடி தூரம். அந்தப் பத்தடியை அவர்களால் கடக்க முடியவில்லை. நிறைந்த கூட்டத்தோடு சிறப்பு ரயில் கடந்துபோனது. ஜன்னல்களிலிருந்து பிள்ளைகள் கையசைத்தார்கள்.

அன்று மாலை அப்பா இறந்தார்கள். முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பார்களா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில் இன்றும் என்னை விடவில்லை. துஷ்டி வீட்டில், சாவுக்கு வந்திருந்த நாலு பேர் முன்னால், “நீதான் அப்பாவை நிறுத்திவச்ச” என்று அக்காவைப் பார்த்துச் சொன்னேன். இரண்டு ஆண்டுகள் நான் அக்காவோடு பேசவில்லை.

சிறுநீரகம் கெட்டு அக்கா படுத்த பிறகுதான் போனேன். மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு நாள் என் கையைப் பிடித்துக் கேட்டார்கள்: “அன்னைக்கு அப்பா என்னைப் பாத்தாவளாலே?”

“பாத்தாவக்கா” என்றேன்.

அப்பா அன்று கண் திறக்கவேயில்லை. வேறென்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு, “சரிலே” என்றார்கள். நம்பினார்களா என்பதும் தெரியாது.

சென்ற தீபாவளிக்கு முதல் நாள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார்கள். மறுநாள் அடக்கம்.

அக்காவுக்கு இரத்தம் கொடுத்தவர்களுக்கும், மகளைத் தம் வீட்டில் வைத்துப் பார்த்த பக்கத்து வீட்டாருக்கும், ஜெபித்த போதகர் ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவோடு வேலைபார்த்தவர்களில் ஒருவர்கூட அன்று கல்லறைத் தோட்டத்துக்கு வரவில்லை. தீபாவளி நாள், எல்லாரும் டூட்டியில் இருந்தார்கள். அவர்களுக்கும் எங்கள் நன்றி.