ஏரிக்கரைப் படையல்

கனடாவில் மாநகரசபையின் பூங்கா அனுமதிப் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். எந்தப் பூங்காவில் யார் கூடாரம் அடிக்கலாம், மேளம் எப்போது நிற்க வேண்டும், அணையாத கரியை எங்கே கொட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். தேர்த் திருவிழாவுக்கு வீதியை மூடவேண்டும் என்றால் கோயில்காரர் இன்றைக்கும் என்னிடம்தான் வழி கேட்கிறார்கள். "கடவுள் வெளிக்கிட்டு வாறதெண்டாலும் இவரைக் கேட்டுத்தான் வரவேணும்" என்று மனைவி சொல்வாள். அதைப் பாராட்டு என்று நெடுநாள் எண்ணியிருந்தேன்.

சென்ற ஆண்டு யாழ்ப்பாணத்தில் அவளுடைய ஒரே தங்கை இறந்துபோனாள். மனைவிக்கு அப்போதுதான் இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. விமானம் ஏற முடியவில்லை. செத்தவீட்டைக் கைத்தொலைபேசியில் பார்த்தோம். பாரிஸிலிருந்து போன தங்கையின் மகன் கொள்ளி வைத்தான், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்தான்.

"நானும் அவளுக்கு ஏதாவது செய்யவேணும்" என்றாள் மனைவி.

"மகன் இருக்கிறான். நீர் கலியாணம் செய்து வேறை வீட்டுக்கு வந்த ஆள். உமக்கு இதிலை உரிமையும் இல்லை, கடமையும் இல்லை" என்று விளக்கினேன். முறை அதுதான். ஐயரைக் கேட்டும் உறுதிப்படுத்தினேன். அதற்குப் பிறகு அவள் தங்கையைப் பற்றி என்னோடு பேசவில்லை.

பேசியது எதிர்வீட்டில். ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடியில் எதிர்க்கதவுக்காரி ஒரு பிலிப்பினோப் பெண்மணி. கணக்காளராக இருந்து ஓய்வுபெற்றவர், எங்களைவிடச் சில வயது இளையவர். மனைவி அவரைத் 'தங்கச்சி' என்றாள். அவர் மனைவியை 'அக்கா' என்றார், என்னை 'அண்ணை' என்றார். மற்றதெல்லாம் ஆங்கிலம். ஒருநாள் லிஃப்டில் என்னிடம், "அக்காவின் தங்கை பொரித்த மீனில் வாலைத்தான் முதலில் கடிப்பாராமே, அண்ணை?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. இத்தனை காலம் அந்தக் குடும்பத்துக்கு மூத்த மருமகனாக இருந்தவனுக்கு மச்சாளின் மீன்வால் செய்தி லிஃப்டில் வைத்து, ஆங்கிலத்தில் கிடைக்கிறது.

அந்தப் பெண்மணி வளர்ந்தது கத்தோலிக்கராக. இப்போதும் பெரிய வெள்ளிக்குத் தேவாலயம் போகிறவர்தான். ஆனால் வேறு சிலரோடு சேர்ந்து, ஸ்பானியர் வருவதற்கு முன் தங்கள் தீவுகளில் இருந்த வழிபாட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார். மாதத்தில் ஒருநாள் பிக்கரிங் ஏரிக்கரையில் கூடுவார்கள். இறந்தவர்களுக்குச் சோறு வைப்பார்கள், அவர்களோடு பேசுவார்கள். மனைவியும் போகத் தொடங்கினாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது, எதிர்வீட்டுக்காரியிடம் கார் இல்லை. ஆகவே ஒரு பழைய சமயத்தின் மறுமலர்ச்சிக்குச் சாரதி நானானேன். இரண்டு பேரும் பின்னால் ஏறிக் குசுகுசுத்துக்கொண்டு வருவார்கள். நான் முன்னால் தனியே, டாக்ஸிக்காரனைப் போல.

நெடுஞ்சாலையில் போகும்போது அவர் தங்கள் வரலாற்றைச் சொன்னார். பாபாய்லான் என்று அழைக்கப்பட்டவர்கள்தான் அங்கே நோய் தீர்ப்பதும் மூதாதையரோடு பேசுவதும். பெரும்பாலும் பெண்கள். பெண்ணுடை உடுத்த ஆண்களும் இருந்தார்களாம். ஸ்பானியப் பாதிரிமார் அவர்களைச் சூனியக்காரிகள் என்றார்கள், மூதாதையரின் மரச்சிலைகளை எரித்தார்கள். ஊர் ஊராகச் சனத்தைப் பெயர்த்துத் தேவாலய மணி கேட்கிற தூரத்துக்குள் குடியிருத்தினார்கள். சிலர் மலைக்கு ஓடினார்கள். சிலர் படை திரட்டி எதிர்த்தார்கள். மீதிப்பேர் புனிதர் சிலைக்கு முன்னால் முழந்தாளிட்டு, பழைய பெயரை வாய்க்குள் சொன்னார்கள்.

"நான் பாபாய்லான் இல்லை, அண்ணை. நினைத்தவர்களெல்லாம் ஆகிவிட முடியாது. மலையில் இன்னும் கைவிடாத ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் செய்கிறோம். பாதி ஒட்டுப்போட்டதுதான்."

இதில் எனக்குப் பொறாமை வந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. மலைக்கு ஓடினவர்களின் வரலாறு எங்களுக்கும் வேண்டும் போல இருந்தது. ஆகவே எங்கள் பக்கத்தைச் சொன்னேன். போர்த்துக்கேயர் கோயில்களை இடித்ததையும், விரதச் சோறு சாப்பிட்ட இலையைச் சனம் கூரையின் ஓலை விளிம்புக்குள் செருகி ஒளித்ததையும் கொஞ்சம் உருக்கமாகவே சொன்னேன்.

பின்னாலிருந்து மனைவி சொன்னாள்: "ஓம், இலையை ஒளிச்ச ஆக்களின்ரை பிள்ளையள்தான் இப்ப கோயில் தலைவர் பதவிக்குக் கோட்டுக்குப் போறது."

அதுவும் உண்மை. அந்த ஏரிக்கரைக் கூட்டத்துக்குச் சங்க விதிகள் கொண்ட யாப்பு இல்லை, நிர்வாக சபை இல்லை, ஆகவே வழக்கும் இல்லை.

இரண்டாம் முறை போனபோது மெழுகுதிரி கொளுத்துவதைப் பார்த்துவிட்டேன். பொது இடத்தில் நெருப்பு. இனி இந்தக் கூட்டத்துக்கு நான் இல்லாமல் முடியாது என்று உள்ளூர மகிழ்ந்து, "பேர்மிட் எடுத்தாச்சோ?" என்று கேட்டேன்.

"கேட்டுவிட்டோம், அண்ணை."

"யாரிட்டை?"

"இங்கே இருக்கிறவர்களிடம்." அவர் காற்றைக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாதவர்களின் இடத்தில் கால் வைக்கும் முன், சுடுதண்ணீரை மண்ணில் ஊற்றும் முன்கூட, 'கடந்து போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று வாய்விட்டுக் கேட்பது அவர்கள் வழக்கமாம். கனடாவில் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டுமாம். இது முதலிலேயே வேறு ஆட்களின், பூர்வகுடிகளின், மண். ஆளுக்காள் தானே கேட்க வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் கேட்க முடியாது.

முகவர் இல்லாத அனுமதி முறையை நான் அதுவரை கண்டதில்லை. என்றாலும் வீட்டுக்குப் போய், பிக்கரிங் நகரசபைக்கு எழுதி, மெழுகுதிரிக்குத் தனி விளக்கம் கொடுத்து, முறையான அனுமதிப் பத்திரம் ஒன்றை எடுத்தேன். 'குடும்ப ஒன்றுகூடல்' என்ற வகையின்கீழ்த்தான் அது பொருந்தியது. எதிர்வீட்டுக்காரி இரண்டு கைகளாலும் வாங்கி நன்றி சொன்னார். அடுத்த முறை அதைச் சோற்றுத் தட்டுக்கு அடியில் விரித்திருந்தார்கள். கடதாசி தடிப்பு, தட்டு ஆடவில்லை என்றாள் மனைவி.

பிறகு மச்சாள் போய் ஒரு வருடம் நிறைந்து ஆட்டைத் திவசம் வந்தது. பாரிஸில் மகன் செய்ய ஏற்பாடாகியிருந்தது. இங்கே நான் கோயிலில் மோட்ச அர்ச்சனைக்குப் பதிந்திருந்தேன்.

"கோயிலுக்கு நீங்கள் போங்கோ. நான் தங்கச்சியோடை ஏரிக்குப் போறன்" என்றாள்.

"எந்தத் தங்கச்சி?"

"ரெண்டு பேரோடையும். பஸ்ஸிலை போவம்."

அவள் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். திவச நாளில் வீட்டில் மீன் வாசம்! "உதென்ன வேலை?" என்று கத்தினேன்.

"செத்த எட்டாம் நாள் படையலுக்கு மீன் வைக்கிறேல்லையோ? கள்ளும் சுருட்டும் வைச்ச சனம்தானே நாங்கள். உங்கடை வீட்டுக்காரர் படிச்சவுடனை விட்டிட்டினம். அதுக்கு நான் என்ன செய்ய?"

அவள் என்னிடம் கேட்கவில்லை, அறிவித்தாள். நான் வராவிட்டாலும் அவளுக்கு அந்த நாள் குறையில்லாமல் நடந்துவிடும் என்பதுதான் என்னைத் தைத்தது. அர்ச்சனையை ஐயரின் பொறுப்பில் விட்டுவிட்டுக் காரை எடுத்தேன்.

காற்று அடித்த பகல். மற்றவர்கள் ஒதுங்கி நிற்க, மனைவி கூழாங்கற்களில் வெறுங்காலோடு இறங்கி, தட்டை வைத்துவிட்டு அருகில் ஒரு கல்லில் குந்தினாள். நான் புல்வெளி முடிகிற இடத்தில் நின்றேன். செத்தவீட்டிலும் அந்தியேட்டி நாளிலும் வாய் திறக்காதவள் இப்போது தங்கையை ஏசிக்கொண்டிருந்தாள்.

"உனக்கென்னடி அவசரம்? நான் வருமட்டும் இருந்திருக்கலாம்தானே? ரெலிபோனிலை நான் பாக்கிறன், உன்ரை சீலையை ஒழுங்காக் கட்டிவிடவும் ஒருத்தருமில்லை..." ஏசினாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள். பிறகு எதற்கோ சிரித்தாள். என்னோடு அவள் அப்படிச் சிரித்து வருடக்கணக்காகிறது. இறந்தவளைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது.

"நான் வரலாமோ?" என்று கேட்டேன்.

அவள் திரும்பவில்லை. "என்னட்டைக் கேக்காதேங்கோ. அவளிட்டைக் கேளுங்கோ."

எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வாழ்நாளெல்லாம் அனுமதி கொடுத்த கை, வாங்கிப் பழக்கமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏரியைப் பார்த்து, "மச்சாள், நான் வரலாமோ?" என்றேன். காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மனைவி தலையைச் சற்றுச் சரித்தாள். எதையோ கேட்பது போல இருந்தாள்.

"அத்தானை வரட்டாம். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வரட்டாம்."

கழற்றினேன். கற்கள் குளிர்ந்து குத்தின. தடுமாறித் தடுமாறிப் போய் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள். ஆனால், நான் கிட்டப் போனதும், குசினிக்குள் ஆம்பிளை நுழைந்தால் பெண்கள் செய்வதைப் போல, அவளும் மச்சாளும் கதையை நிறுத்திவிட்டார்கள்.